சென்னியம்மாள் எந்த வாசலில் வருவாள்?

அத்தியாயம் பதினொன்று

ஞாயிற்றுக்கிழமை குழந்தைவேல் கவுண்டர் வந்து போனதிலிருந்து சௌந்திரத்துக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் நடக்கத் தோன்றியது. நடந்து போன இடத்தில் எதற்காக வந்தோம் என்பது மறந்துவிட்டது.

குழந்தைவேல் கவுண்டர் அவள் தம்பி வெள்ளியங்கிரியின் மாமனார். குமாரபாளையத்தில் பெரிய நூல் கடை வைத்திருப்பவர். ஐப்பசி மழையில் பின்சுவர் சாய்ந்து, ஓடு சரிந்து கிடக்கும் மயிலம்மாள் பிரசவ விடுதியைச் சுற்றிப் பார்த்தார். "இதை இடிச்சுப்போட்டு நாலு அறையோட புதுசாக் கட்டித் தாரேன்" என்றார். சௌந்திரம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதன் பிறகுதான் அவர் மற்றதைச் சொன்னார். வாசலில் அவருடைய தாயார் பெயர் செதுக்கிய கல் இருக்கும். மயிலம்மாள் பெயர் இருக்காது. ஊர்ப் பெண்களுக்கு முன்வாசல். ஊருக்கு வெளியே தெற்கு வளவுக் குடிசைகளிலிருந்து வரும் கூலிக்காரப் பெண்களுக்குப் பின்னால் தனித் தாழ்வாரம், தனி வாசல். ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் செய்ய முடியாது. அதனால் ஆனி முடிவதற்குள், திங்கட்கிழமை சாயங்காலமே கல்லை நட்டுவிட வேண்டும்.

"சரிங்க மாமா" என்று வெள்ளியங்கிரி தலையாட்டியதைச் சௌந்திரம் பார்த்தாள். சுடுதண்ணீர் அண்டாவைப் பிடித்தபடி கதவோரம் நின்ற சென்னியம்மாளும் பார்த்தாள்.

மயிலம்மாள், வெள்ளியங்கிரியின் முதல் மனைவி. இரண்டு வருஷத்துக்கு முன் பிரசவ வலியோடு சேலத்துக்குப் போகிற வழியில் வண்டியிலேயே உயிரை விட்டவள். அந்த வண்டியில் அவள் தலையை மடியில் வைத்திருந்தவள் சௌந்திரம். கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்த சௌந்திரம், அதன் பிறகு தம்பியிடம் பருத்தி போட்டு வைக்கிற கட்டிடத்தைக் கேட்டு வாங்கி, ஆட்டையாம்பட்டியிலிருந்து பயிற்சி பெற்ற மருத்துவச்சி சென்னியம்மாளை அழைத்து வந்து விடுதியைத் தொடங்கினாள். பதினான்கு மாதத்தில் அறுபத்தோரு பிரசவம். ஒரு தாயும் சாகவில்லை.

அந்தச் சென்னியம்மாள்தான் திங்கட்கிழமை காலையில் தன் தகரப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன சென்னியம்மா இது?"

"சேலத்துக்குப் போறேனுங்க. சந்தைக்குப் போற வண்டி ஒண்ணு திருச்செங்கோடு வரைக்கும் ஏத்திக்கறேன்னு சொல்லியிருக்குது. அங்கிருந்து ஒரு மணி பஸ்ஸு."

"நேத்துப் பேசினதை மனசுல வெச்சுக்கிட்டயா? தம்பிகிட்ட நான் பேசறேன். சித்தப் பொறு."

"நீங்க பேசுவீங்க. அதுல எனக்குச் சந்தேகமில்லீங்கம்மா." சென்னியம்மாள் முடிச்சை இறுக்கினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தெக்கு வளவுப் பொம்பளைக பின்வாசல்ல வரோணுமுன்னா, நானு எந்த வாசல்லீங்க வாரது? நானும் எங்க ஊருத் தெக்கு வளவுல பொறந்தவதானுங்களே."

சௌந்திரம் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊர்க்காரிகளுக்குப் பேறு பாக்கையில முன்வாசல். எஞ் சனத்துக்குப் பாக்கையில பின்வாசல். ஒரே நாளையில ரெண்டு பேரும் வலியெடுத்து வந்தா, கட்டடத்தைச் சுத்திச் சுத்தி ஓடிக்கிட்டே இருக்கறதுங்களா?"

"நீ போயிட்டா இந்த விடுதி இல்லே, சென்னியம்மா. வெறும் செவுருதான்."

"தெரியுமுங்க. அதனாலதான் பதினாலு மாசம் இருந்தேன்." அவள் கைகளை விரித்துக் காட்டினாள். சோடா உப்புத் தண்ணீரில் துணி அலசி அலசி விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. "எங்கம்மாவைப் பாக்க ஒரு நாளு போகலீங்க. தண்ணி காய வெக்கறதும் நானு, வெறகு ஒடிக்கறதும் நானு, தீட்டுத் துணி அலசறதும் நானு. இதெல்லாம் ஒடம்புக் கஷ்டம், தூங்குனா போயிரும். நேத்துக் கேட்டது தூங்குனாப் போறதில்லீங்க."

அவள் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே வெளியே போனாள். ஆனிக் காற்று புழுதியை வாரி இறைத்தது. சந்தை வண்டி கண்ணுக்கு மறைகிற வரை சௌந்திரம் நிற்கவில்லை; தோட்டத்தை நோக்கி ஓடினாள்.

வெள்ளியங்கிரி கிணற்று மேட்டில் நின்று கடலைக்குத் தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காள் சொன்னதைக் கேட்டதும் முகம் சுருங்கியது. ஆனால் ஆச்சரியப்படவில்லை.

"நான் என்ன பண்ணட்டுங்க்கா? மாமாவை வேண்டாம்னு சொல்லிப்போட்டு, அடுத்த மழைக்கு மேற்குச் செவுரும் உழுந்தா ஆருகிட்டப் போறது?"

"ஊர்ல ஆளே இல்லையா?"

"ஊரா?" வெள்ளியங்கிரி சிரித்தான். கசப்பான சிரிப்பு. "தொறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டமே, அன்னைக்கு மாலை போட்டுக்கிட்டு உக்காந்தவங்க பத்துப் பேரு. ஒருத்தரு பாலு தாரேன்னாரு. ஒருத்தரு மாசம் ஒரு வண்டி வெறகுன்னாரு. ஒருத்தரு அவசரத்துக்கு வண்டி அனுப்பறேன்னாரு. இன்னைக்கு அவங்கள்ல ஆரு வாராங்க? ஜில்லா போர்டுக்கு மூணு தடவை எழுதியாச்சு. இன்னும் ஒரு வருசம் நடத்திக் காட்டுங்க, அப்புறம் பாக்கலாமுங்கறாங்க. நடத்தறதுக்குத்தானே ஒத்தாசை கேக்கறோம்! இந்த நெலமைல ஒருத்தரு முழுசாத் தூக்கி நிறுத்தறேன்னு வாராரு. அவரு சொல்றதுக்குத் தலையாட்டாம என்ன செய்ய?"

"பொறந்த கொழந்தை எந்த வாசல்ல வந்துச்சுன்னு பாக்கற எடத்துக்கு மயிலாத்தா பேரு வேண்டாம். அவரு அம்மா பேரையே வெச்சுக்கட்டும். நானும் அந்தப் பக்கம் வரலே."

"நீயும் போயிட்டா?"

"நானும் போயிட்டா நாலு அறை கட்டி அதுல கடலை மூட்டை அடுக்கு."

சொல்லிவிட்டுத் திரும்பியவளுக்கு, எதிரே வருவது கண்ணில் பட்டது. நான்கு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தோளில் சுமந்துகொண்டு வரப்பில் ஓடி வந்தார்கள். முன்னால் பிடித்திருந்தவன் அங்கமுத்து, வெள்ளியங்கிரியின் பண்ணையில் வேலை செய்பவன். கட்டிலில் கிடந்தவள் அவன் மனைவி உண்ணாமலை. காற்றில் அவள் அலறல் விட்டு விட்டுக் கேட்டது.

"நேத்துப் பொழுதெறங்கறப்பவே வலி எடுத்துட்டுதுங்க சாமி," என்று அங்கமுத்து மூச்சு வாங்கினான். "வெடியால வரைக்கும் ஊட்டுலயே பாத்தோம். இப்பக் கால் தெரியுதுங்கறாங்க. கால் மொதல்ல வருதுங்க. சென்னியம்மாக்கா எங்கீங்க?"

சௌந்திரம் தம்பியைப் பார்த்தாள். வெள்ளியங்கிரி ஏற்கெனவே மாடுகளை அவிழ்க்க ஓடிக்கொண்டிருந்தான். சவாரி வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு திருச்செங்கோட்டுத் தடத்தில் பாய்ந்தது.

விடுதியின் முன்வாசல் வழியாகக் கட்டில் உள்ளே போனது.

உண்ணாமலையோடு வந்தவள் ஆத்தாயி, பக்கத்துக் குடிசைக்காரி. ஐந்து மாதத்துக்கு முன் இதே அறையில் பெண் குழந்தை பெற்றவள். அவள் யாரையும் கேட்காமல் அடுப்பை மூட்டினாள். குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினாள்.

சௌந்திரம் விளக்கெண்ணெயும் கத்திரியும் எடுத்து வைத்தாள். துணி இல்லை. சென்னியம்மாள் அலசிக் காயப் போட்டவை கொடியில் இன்னும் ஈரமாகவே ஆடின. அவள் ஜன்னல் வழியாக, அடுத்திருந்த தம்பி வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"காளியாத்தா! பழைய வேட்டி இருந்தா எடுத்துக்கிட்டு ஓடியா!"

காளியாத்தாள், வெள்ளியங்கிரியின் இரண்டாவது மனைவி. குழந்தைவேல் கவுண்டரின் ஒரே மகள். வயது இருபத்தொன்று. ஆறு மாத வயிறு. முதல் முதலாகப் பிள்ளை உண்டாகியிருப்பவள் பேறு நடக்கிற இடத்தில் காலே வைக்கக் கூடாது என்று அவள் தகப்பனார் உத்தரவு. அவளும் வைத்ததில்லை. விடுதியின் முகப்பில் எழுதியிருந்த மயிலம்மாள் என்ற பெயரைக்கூட நிமிர்ந்து பார்க்காமல்தான் போவாள், வருவாள்.

இப்போது இரண்டு வேட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்று நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"நங்கை, துணி இங்க வெச்சுட்டுப் போறேனுங்க..."

உள்ளே உண்ணாமலை கட்டிலிலிருந்து சரியப் பார்த்தாள். சௌந்திரத்தின் இரண்டு கைகளும் அவள் காலருகே இருந்தன. ஆத்தாயி கிணற்றடியில் இருந்தாள்.

"வந்து அவ கையைப் புடி!"

"நங்கை, அப்பா..."

"புடிங்கறேன்!"

காளியாத்தாள் உள்ளே வந்தாள். உண்ணாமலையின் தலைமாட்டில் முழங்காலிட்டாள். அந்தக் கை அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டது. வலி வந்தபோது நகங்கள் தோலுக்குள் இறங்கின.

காளியாத்தாள் பிறந்த வீட்டில் தெற்கு வளவுக்காரர்கள் தண்ணீர் வாங்குவதுகூட உயரத்திலிருந்து ஊற்றித்தான். அந்தக் கை பட்டதும் ஒரு கணம் அவள் உடம்பு பின்னால் இழுத்தது. அடுத்த கணம் உண்ணாமலை அவளைப் பார்த்தாள். யார் என்று தெரிந்ததும் அவளே பயந்துபோய்ப் பிடியை விடப் பார்த்தாள்.

"உடாதீங்க," என்றாள் காளியாத்தாள். தான் மரியாதை கொடுத்துப் பேசியது அவளுக்கே தெரியவில்லை. "புடிச்சுக்குங்க. நல்லாப் புடிச்சுக்குங்க."

ஆத்தாயி தண்ணீரோடு வந்தாள். எட்டிப் பார்த்தவள் முகம் வெளிறியது.

"கால் வெளிய வந்துட்டுதே அம்மிணி! புடிச்சு இழுத்துடுங்க. எங்க சின்னம்மாளுக்கு அப்படித்தான் இழுத்தாங்க."

"உங்க சின்னம்மாளுக்கு என்னாச்சு?"

ஆத்தாயி நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இழுக்கக் கூடாது. கால் வந்தா தொடாதீங்கன்னு சென்னியம்மா சொல்லியிருக்கறா. அவ வர்ற வரைக்கும் ஆரும் தொடக் கூடாது." சௌந்திரம் தன் கைகளையே மடக்கிக் கட்டிக்கொண்டாள். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குத்தான் அன்று அவளுக்கு அத்தனை பலமும் தேவைப்பட்டது.

வெளியே காற்று சரிந்த ஓடுகளைத் தடதடவென்று ஆட்டியது. ஒவ்வொரு தடவையும் வண்டிச் சத்தமோ என்று மூன்று பெண்களும் தலையைத் தூக்கினார்கள்.

திருச்செங்கோட்டில் பஸ் நிற்கும் புளியமரத்தடியில் சென்னியம்மாள் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு டிரைவர் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். அந்தத் தாமதம்தான் உண்ணாமலையைக் காப்பாற்றியது என்று பிறகு எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

வெள்ளியங்கிரி வண்டியிலிருந்து குதித்தான். வழியெல்லாம் என்னென்னவோ சொல்ல யோசித்து வைத்திருந்தான். நேரில் பார்த்ததும் ஒன்றுதான் வந்தது.

"அங்கமுத்து பொண்டாட்டிக்குக் கால் மொதல்ல வருது."

சென்னியம்மாள் எழுந்துவிட்டாள். "எந்நேரத்துல இருந்துங்க?"

"வலி நேத்துப் பொழுதோட. கால் இப்பத்தான்."

"ஆராச்சும் இழுத்தாங்களா?"

"அக்கா இருக்கறா."

"அப்ப இழுத்திருக்க மாட்டாங்க," என்றவள் வண்டியருகே வந்து தயங்கினாள். நிலக்காரப் பண்ணாடியின் சவாரி வண்டியில் அவள் ஏறியதில்லை.

"ஏறு, ஏறு!" வெள்ளியங்கிரி பெட்டியைத் தானே தூக்கி உள்ளே போட்டான்.

மாடுகள் வாயில் நுரை தள்ள ஓடின. பாதி வழி வந்தாயிற்று. பிறகு வெள்ளியங்கிரி திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"புதுசாக் கட்டடம் வந்தா உனக்கும் நல்லதுதானே, சென்னியம்மா? நாலு அறை. ஒழுகாத கூரை."

"நல்லதுதானுங்க. எனக்கு நாலு அறை வேண்டாமுங்க. தண்ணி காய வெக்கறதுக்கு ஒரு ஆளு. வாரத்துல ஒரு பொழுது நானு தூங்கறதுக்கு இன்னொரு ஆளு. அவசரத்துக்கு ஒரு வண்டி. இதைப் பதினாலு மாசமாக் கேட்டுக்கிட்டிருக்கறேன். கல்லு நடறதுக்கு ஆளு வருதுங்க, கழுவறதுக்கு ஆளு வரமாட்டேங்குது."

வெள்ளியங்கிரி மாடுகளை விரட்டினான்.

வண்டி நிற்பதற்குள் சென்னியம்மாள் இறங்கி உள்ளே ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது. வெளியே வேப்பமரத்தடியில் அங்கமுத்து குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முதலாளியைக் கண்டதும் எழுந்தான்.

"உக்காரு," என்றான் வெள்ளியங்கிரி. தானும் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். மயிலம்மாளை ஏற்றிப் போன அன்றும் இப்படித்தான் காற்றடித்தது. அதை நினைக்க வேண்டாம் என்று சரிந்த பின்சுவரைப் பார்த்தான்.

அங்கமுத்துவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சும்மா இருக்க முடியாத தவிப்பில் ஏதாவது பேச வேண்டியிருந்தது அவனுக்கு.

"அந்தச் செவுரு உழுந்தன்னைக்கே எங்க வளவுல பேசிக்கிட்டோமுங்க சாமி. பத்துப் பேரு வந்தா நாலு நாளையில மண்ணு கொழைச்சு எழுப்பிப்போடலாமுன்னு. குடிசைக்குக் குடிசை எங்க கொழந்தைக பொறந்த எடமுங்களே இது."

வெள்ளியங்கிரி திரும்பினான். "அப்புறம் ஏன் வரலே?"

"ஆரும் கூப்புடலீங்களே." அவன் குரலில் குறை சொல்கிற தொனி இல்லை. "பண்ணாடி ஊட்டுத் தருமம். பெரியவங்க பாத்துக்குவாங்க, நாம போயி நின்னா என்னமோ ஏதோன்னு நெனைப்பாங்கன்னு உட்டுட்டமுங்க. ஆத்தாயிகூட, துணி அலசிக் குடுக்கறேன்னு ரெண்டு நடை வந்து வாசல்ல நின்னுட்டுத் திரும்பிப் போனாளாம்."

வெள்ளியங்கிரி தெற்கு வளவு இருந்த திசையைப் பார்த்தான். கல்யாணப் பத்திரிகை மாதிரி அச்சடித்து எந்தெந்த ஊருக்கெல்லாம் உதவி கேட்டு எழுதினோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தான். சேலம், ஈரோடு, பவானி. கூப்பிடு தூரத்தில் இருந்த தெற்கு வளவுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. கொடுப்பவர்கள் ஒரு பக்கம், வாங்குபவர்கள் ஒரு பக்கம் என்று அவன் மனசிலேயே இரண்டு வாசல் இருந்திருக்கிறது.

உள்ளே சென்னியம்மாளின் குரல் கேட்டது. "இப்ப முக்கு! இப்ப! போதும், நிறுத்து. மூச்சு உடு."

பிறகு நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அங்கமுத்து எழுந்து நின்றான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

பளார் பளார் என்று இரண்டு அடி. அதன் பின் மெலிதாக, கோபமாக, ஓர் அழுகை.

ஆத்தாயி கதவைத் திறந்தாள். "பையன்! ரெண்டு உசுரும் நல்லா இருக்குது!"

அங்கமுத்து தரையில் அப்படியே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். வெள்ளியங்கிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பொழுது மேற்கே சாயும்போது குழந்தைவேல் கவுண்டரின் வில்வண்டி வந்தது. பின்னால் ஒரு கட்டை வண்டியில் கல்லும், கல் தச்சனும்.

கவுண்டர் இறங்கிய இடத்தில் வழக்கத்துக்கு மாறாகக் கூட்டம் இருந்தது. வெள்ளியங்கிரி கூப்பிட்டதும் தெற்கு வளவிலிருந்து ஏழெட்டு ஆண்கள் வந்து சரிந்த சுவரின் மண்ணை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். கிணற்றடியில் ஆத்தாயியும் இன்னும் இரண்டு பெண்களும் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். ஊரிலிருந்து யார் வந்தது என்று பார்த்தார். ஒருவரும் இல்லை; வெள்ளியங்கிரி குழந்தை பிறந்த கையோடு வீடு வீடாகப் போய்க் கேட்டதற்கு இரண்டே வீட்டார், யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

"என்ன மாப்பிள்ளை இது? நாந்தான் இடிச்சுக் கட்டறேன்னு சொன்னனே?"

வெள்ளியங்கிரி மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். மாமனாரிடம் அவன் இதுவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை.

"மாமா, நீங்க கட்டித் தாரீங்கன்னா காலம் பூராவும் மறக்க மாட்டேன். உங்கம்மா பேரையும் எழுதிக்கலாமுங்க, மயிலாத்தா பேருக்குப் பக்கத்துல. வாசல் மட்டும் ஒண்ணுதானுங்க."

"நேத்துச் சரின்னு சொன்ன வாய்தானே இது?"

"ஆமாங்க. நேத்துத் தப்பாச் சொல்லிப்போட்டேனுங்க."

கவுண்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மண்ணள்ளுகிறவர்களைப் பார்த்தார். கோபத்தைவிட ஏளனம்தான் அவர் முகத்தில் இருந்தது.

"இவனுக இன்னைக்கு வருவானுக. நாளைக்கு வருவானுக. கடலை வெட்டு வந்தா ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான். அன்னைக்கு என்ன பண்ணுவே? தருமம் பண்றதுக்கு மனசு போதாது மாப்பிள்ளை, கையில வலு வேணும்."

அது முழுப் பொய் என்று வெள்ளியங்கிரியால் சொல்ல முடியவில்லை.

"இருக்கலாமுங்க. வராமப் போனா மறுபடியும் போயிக் கூப்புடறேன். இத்தனை நாளும் ஒருக்காக்கூடக் கூப்புட்டதில்லையே."

கவுண்டர் திரும்பி, விடுதியின் வாசலைப் பார்த்தார். அங்கே நின்றவளைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

காளியாத்தாள் நனைந்த முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். இடது மணிக்கட்டில் நான்கு நகத் தடங்கள் சிவந்து கன்றியிருந்தன.

"நீ... நீ அதுக்குள்ள போனயா?"

"ஆமாங்கப்பா."

"பொட்டியை எடுத்துக்கிட்டு வண்டில ஏறு. ஏழாம் மாசம் கூட்டிக்கிட்டுப் போகலாமுன்னு உங்கம்மா சொன்னா. அது வரைக்கும்கூட வேண்டாம். இப்பவே கெளம்பு."

அப்பா சொல்லி அவள் தட்டியதில்லை. இரண்டாம் தாரமாகப் போ என்றபோதும் தலையைக் குனிந்துகொண்டு வந்தவள். சௌந்திரம் உள்ளிருந்து கதவோரம் வந்தாள்.

"நான் வரலீங்க," என்றாள் காளியாத்தாள். "நம்மூரில கால் மொதல்ல வந்தா இழுத்துப்போடுவாங்க. உங்களுக்குத் தெரியாதுங்க, பொம்பளைகளுக்குத்தான் தெரியும். நானு இன்னைக்குப் பக்கத்துல இருந்து பாத்தேன். எனக்கு இங்கதான் பேறு பாக்கோணும். சென்னியம்மாக்காதான் பாக்கோணும்."

"அந்தக் கட்டில்லயா? அவ கெடக்கற கட்டில்லயா?"

"அதே கட்டில்லதானுங்கப்பா."

கிணற்றடியில் துணி துவைக்கிற சத்தம் நின்றது. மண் வெட்டுகிறவர்கள் குனிந்தபடியே அசையாமல் இருந்தார்கள்.

குழந்தைவேல் கவுண்டர் மகளை அடிக்கக் கை ஓங்குவார் என்று வெள்ளியங்கிரி நினைத்தான். அவர் கையை ஓங்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. அவள் மணிக்கட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மருமகனிடம் திரும்பி, கடையில் நூல் விலை சொல்கிற குரலில் சொன்னார்.

"இந்தக் கட்டடம் நிக்கற எடம் உங்கப்பன் பேருக்கு மட்டும் இருக்குதா, இல்லே பங்காளிக பேரும் அதுல இருக்குதான்னு பத்திரத்தை எடுத்துப் பாரு மாப்பிள்ளை. நானும் பாக்கச் சொல்றேன்."

வில்வண்டி திரும்பியது. கட்டை வண்டியும் கல்லோடு அதன் பின்னால் போனது.

வெள்ளியங்கிரி நின்ற இடத்திலேயே நின்றான். அப்பா பாகப்பிரிவினை செய்தபோது இந்தப் பருத்திக் கொட்டகையைப் பற்றி என்ன எழுதினார்கள் என்பது அவனுக்கு நினைவில்லை. எழுதினார்களா என்பதே சந்தேகமாக இருந்தது.

"என்னடா?" என்று சௌந்திரம் கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க்கா," என்றான். ஆனால் வீட்டை நோக்கி நடந்த வேகத்தைப் பார்த்தால் ஒன்றுமில்லாததாகத் தெரியவில்லை.

விடுதிக்குள் உண்ணாமலை அயர்ந்து தூங்கினாள். சென்னியம்மாள் குழந்தையைத் துணியில் சுற்றி அவள் பக்கத்தில் கிடத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து அவள் உண்ணாமலையைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசவில்லை. இவளுக்கு மூன்று நாள் ஆனதும் புறப்படுவாள் என்றுதான் சௌந்திரம் எண்ணியிருந்தாள். கேட்கவும் பயமாக இருந்தது.

ஆத்தாயி அலசிய துணிகளோடு உள்ளே வந்தாள். "அக்கா, நாளைக்கு நானும் காசியம்மாளும் வாரோம். புதன்கெழமை எங்க ஓரகத்தி வருவா. தண்ணிய நீங்க தொடக் கூடாது. இன்னைக்குச் சொல்லிப்போட்டேன்."

"வந்தாப் பாக்கலாம்," என்றாள் சென்னியம்மாள்.

"வருவேனுங்க."

சென்னியம்மாள் கைகழுவிய தண்ணீரை வெளியே ஊற்றினாள். கையைத் துடைத்துக்கொண்டு காளியாத்தாளிடம் வந்தாள். அவள் இன்னும் வாசற்படியிலேயே, வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சென்னியம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து, நகம் பட்ட இடத்தில் விளக்கெண்ணெய் தடவினாள்.

"கால் வீங்குதுங்களா?"

"பொழுதோட வீங்குதுங்க்கா."

"உப்பைக் கொறைச்சுக்குங்க. இப்ப ஆறு முடியப் போகுதுங்களா?"

"ஆமாங்க."

சென்னியம்மாள் விரல் விட்டு எண்ணினாள். ஆடி, ஆவணி, புரட்டாசி. நான்காவது விரலில் நிறுத்திக்கொண்டு சௌந்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஐப்பசி வரைக்கும் இருக்கறேனுங்கம்மா," என்றாள். "அதுக்கு மேல இப்ப என்னைக் கேக்காதீங்க."